தனியாக நெடுநடை: அழுகை, பயம், அலுப்பு – கேள்வி பதில்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயிலை முழுதாகத் தனியே நடந்தவள் நான். தொழில் செவிலியர். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் பாதை அது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். மனம் சம்பந்தமான கேள்விகளை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

டல்லாஸ் வாசகி: அக்கா, ஒரு வார நடைக்குத் தனியாகப் போனேன். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அப்படியே திரும்பிவிட்டேன். எனக்கு மன உறுதி போதாதா?

அன்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

மூட்டையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் உடம்பு வீட்டில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு சக்தியைக்கூடச் செலவழிக்கும். முதல் சில நாட்கள் பசியே தெரியாது, அதுதான் ஆபத்து. மதியம் மூன்று, நான்கு மணிக்குச் சர்க்கரை இறங்கும். அப்போது மூளை "பசிக்கிறது" என்று சொல்லாது. "நீ எதற்கும் லாயக்கில்லை, உன்னை யாரும் தேடவில்லை" என்று சொல்லும். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். இடுப்புப் பட்டையின் வலது பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். 100 கிராமில் ஏறக்குறைய 500 கலோரி, நசுங்கினாலும் கெடாது. அழுகை முட்டினால் மூட்டையை இறக்குவேன், ஒரு பாறையில் உட்காருவேன், இரண்டு துண்டு தின்று தண்ணீர் குடிப்பேன், ஷூவைக் கழற்றிக் காலை ஆற விடுவேன். அப்புறம் இருபது நிமிடம் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அதற்குப் பிறகும் துக்கம் இருந்தால் அது நிஜத் துக்கம், அதோடு பேசலாம். பெரும்பாலும் இருக்காது.

மழை நாளில் இன்னொன்றையும் பாருங்கள். 5 டிகிரி குளிரில் நனைந்துகொண்டு நடக்கும்போது காரணமில்லாத எரிச்சல், "என்னவோ ஆகட்டும்" என்ற அலட்சியம், ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறுவது எல்லாம் உடல் வெப்பம் இறங்குவதன் அடையாளம். டென்ட் போட்டு, ஈரத்தை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் தைரியம் சொல்லிக்கொண்டு மேலே நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

சிங்கப்பூர்: காதில் பாட்டு கேட்டுக்கொண்டே நடக்கலாமா?

கேளுங்கள், ஒரு காதில் மட்டும். பாம்பும் மரக்கிளையும் சொல்லிவிட்டு வராது.

காரைக்குடி பெரியவர்: நான் வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடப்பவன். கூட்டமாக "அரோகரா" சொல்லிக்கொண்டு போனால் மனம் தளராது. தனியாக நடப்பது வீம்பு அல்லவா?

வீம்பு இல்லை ஐயா. பாதயாத்திரையில் நடப்பவரைக் கூட்டம் தூக்கிக்கொண்டு போகிறது. வழியெல்லாம் அன்னதானம், மோர்ப்பந்தல், கால் பிடித்துவிட ஆள். முகம் வாடினால் பக்கத்தில் வருபவர் கண்டுபிடித்துவிடுவார். தனியாகப் போகிறவருக்கு அந்தப் பக்கத்து ஆள் இல்லை. அந்த வேலையையும் தானே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் நான் தனியாகப் போகச் சொல்கிறேன்.

உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் அடிக்கு ஒரு சொல் என்று சொல்லிக்கொண்டு ஏறினால் மூச்சு சீராகும், மனம் அலையாது. முருகன் பேரோ, வாய்ப்பாடோ, எதுவானாலும் சரி.

ஃப்ரீமான்ட்: தனியாக டென்ட்டில் இரவு பயமாக இருக்காதா?

இருக்கும். முதல் வாரம் காய்ந்த இலைமேல் எலி ஓடினாலும் கரடி மாதிரிக் கேட்கும். சத்தத்துக்குப் பெயர் வைக்கப் பழகுங்கள்: இது எலி, இது மான், இது ஆந்தை. பெயர் தெரிந்த சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. உணவை டென்ட்டுக்குள் வைக்காமல் கரடி திறக்க முடியாத டப்பாவில் தள்ளி வையுங்கள். வைத்தாயிற்று என்ற நிம்மதியே பாதித் தூக்கத்தைத் தரும்.

பெங்களூர்: மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இயற்கையோடு இருக்கப் போகிறேன், நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.

நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரும். ஊர் எட்டாத மலையில் அது வரக் கூடாது. காடு நல்லதுதான், ஆனால் மாத்திரைக்கு மாற்று அல்ல. குறைப்பதானால் மருத்துவரிடம் பேசி, வீட்டில் இருக்கும்போது குறையுங்கள்.

மனநிலையின் ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டால் இன்னும் ஏறும். ட்ரெயிலில் அந்த வலி மாத்திரையை மிட்டாய்போலப் பகிர்ந்துகொள்வார்கள். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கை நடுக்கம், வாந்தி, நடையில் தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனை.

காரைக்குடி பெரியவர் மறுபடியும்: தன்னைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். கண் தன்னைத் தானே பார்க்குமா? வழி தவறினால் யார் வருவார்?

நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பக் கூடாது. 2013இல் மெய்ன் காட்டில் ஒரு பெண் பாதையை விட்டுச் சற்று ஒதுங்கினார், திரும்பி வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவில்லை. பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறார். 2015இல்தான் உடல் கிடைத்தது. ஆகவே தனியாகப் போகிற யாரும் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் போகக் கூடாது, ஒதுங்கப் போகும்போதும் அது சட்டைப் பையில் இருக்க வேண்டும். மூட்டையில் இருந்தால் பயனில்லை.

ஆனால் இது தனியாகப் போகக் கூடாது என்பதற்குக் காரணம் ஆகாது ஐயா. கூட்டத்தில் நான் எப்போதும் மற்றவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போது பசிக்கிறது, எப்போது கோபம் வருகிறது என்பதையே தனியாக நடந்தபோதுதான் கவனித்தேன். கண் தன்னைப் பார்க்காது, சரி. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் நின்று "தின்றேனா, குடித்தேனா, நனைந்திருக்கிறேனா" என்று கேட்க முடியும்.

ஒரு வாசகர்: கரடி வந்தால்?

இன்னொருவர்: தனியாக இரவில் பயம் வராதா?

மூன்றாமவர்: இரவு பயத்துக்கு ஏதாவது யோசனை?

ஃப்ரீமான்ட் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

நியூ ஜெர்சி: வர்ஜீனியாவில் அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிட்டேன். பயமோ வலியோ இல்லை, வெறும் சலிப்பு.

அந்த ஒரு மாநிலத்திலேயே ஏறக்குறைய 880 கிலோமீட்டர், மொத்தப் பாதையில் கால் பங்கு. தொடக்கத்தின் பரபரப்பு தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்கு எட்டாது, மாநில எல்லைப் பலகை வரவே வராது. அதற்கு "வர்ஜீனியா ப்ளூஸ்" என்று பெயரே உண்டு. அடுத்த முறை கட்டாடினை மறந்துவிட்டு அடுத்த ஊரை மட்டும் எண்ணுங்கள். விடுவதானாலும் ட்ரெயிலில் நடப்பவர்கள் சொல்வதுபோல மோசமான நாளில் விடாதீர்கள். ஊருக்குள் போய், குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு நாள் தூங்கி எழுந்த பிறகும் விடத் தோன்றினால் தாராளமாக விடலாம்.

சென்னை: எந்த ஷூ நல்லது?

இது மனம் பற்றிய பகுதி. கடையில் மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள்.

டொரொன்டோ வாசகி: கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 58. நடந்தால் துக்கம் தீருமா?

வயதை விடுங்கள் அம்மா. எம்மா கேட்வுட் 1955இல் 67 வயதில், பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகு, துணி ஷூ போட்டுக்கொண்டு இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்தார்.

துக்கம் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். 1948இல் ஒரே மூச்சில் இந்தப் பாதையை நடந்ததாக முதலில் அறிவித்த எர்ல் ஷேஃபர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர். போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் இறந்துபோன நண்பரோடு சேர்ந்து நடக்கத் திட்டமிட்டிருந்த பாதை இது. போரைத் தன்னிடமிருந்து நடந்தே வெளியேற்றப் போனார். அதன் பிறகும் 1965இல் ஒருமுறை, 1998இல் 79 வயதில் இன்னொருமுறை நடந்தார். ஒருமுறை நடந்தால் முடிகிற விஷயமாக அவருக்கும் இருக்கவில்லை.

நடை தருவது இதுதான்: அழ இடம் கிடைக்கும், "அழாதே" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அழுதுகொண்டே இருந்தாலும் மாலைக்குள் தண்ணீர் பிடித்து டென்ட் போட்டாக வேண்டும். அந்தச் சின்ன வேலைகள் ஆளைப் பிடித்து நிறுத்தும். முதலில் வீட்டுப் பக்கத்தில் மூன்று நாள் நடை போய்ப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதென்றால் இப்போது தனியாகப் போகாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், துணையோடு நடங்கள். தூக்கத்துக்கு மாத்திரை தந்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஹூஸ்டன்: முடித்து வந்து இரண்டு மாதம். வீட்டில் எதிலும் மனம் ஒட்டவில்லை.

முடித்தவர்கள் பலருக்கும் வருவது. நாள் முழுக்க நடந்த உடம்பைத் திடீரென்று நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள், ட்ரெயிலில் பழகியவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ட்ரெயில் முழுக்க உண்ணி உள்ள காடு, அதனால் உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அந்தச் சோர்வும் இப்படித்தான் இருக்கும். இரண்டு மாதம் ஆகியும் தேறவில்லை என்பதால் மருத்துவரைப் பார்ப்பதை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள்.