சாம்பலில் உலைக்கல் செய்யலாமா?

கேள்வி: அனல் மின் நிலையச் சாம்பலில் ஃப்ளை ஆஷ் கல் அறுப்பதைத் தினமும் பார்க்கிறோம். ஆலைகளுக்கு வேண்டிய கெட்டியான பீங்கானையும் இதிலேயே செய்ய முடியுமா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: முடியும். களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும்தான் இந்தச் சாம்பலிலும் பெரும்பங்கு. நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகள், அவற்றுக்குள் ஊசி ஊசியாக முல்லைட் என்ற கனிமத்தின் படிகங்கள். (நம்ம ஊர் முல்லைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து வந்த பெயர்.) முல்லைட் 1,800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும் என்பதால் உலைச் சுவர்களுக்கு இது உகந்த சரக்கு. ஆனால் முல்லைட்டுக்கு எடையில் சுமார் 72 சதவீதம் அலுமினா வேண்டும், சாம்பலில் அவ்வளவு கிடையாது, அதனால் அலுமினாத் தூளோ பாக்சைட்டோ சேர்த்து, நைசாக அரைத்து, அச்சில் அழுத்தி, 1,400 - 1,500 டிகிரியில் சுடுகிறார்கள்.

சரி, அப்புறம் ஏன் எல்லோரும் செய்யவில்லை? இரும்பு ஆக்சைடுதான் பெரிய தொல்லை. கல்லைப் பழுப்பாக்குவது கூடப் பரவாயில்லை, சூட்டில் சீக்கிரமே இளகவும் வைத்துவிடும். எரியாத கரி மிச்சமிருந்தால் உள்ளே ஓட்டை விழும். நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், அதுவும் இளக்கும். போதாக்குறைக்கு நிலக்கரி மாறினால் சாம்பலும் மாறும், போன மாதக் கலவைக் கணக்கு இந்த மாதம் செல்லாது. என்னைக் கேட்டால் தரை ஓட்டில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம், அதற்கு இவ்வளவு சூடும் வேண்டாம், கொஞ்சம் இரும்பு இருந்தாலும் குடி முழுகாது.