வயலுக்குள் கைகாட்டும் கம்பம்

அன்புத் தங்கைக்கு,

இங்கிலாந்தில் வாட்லிங்டனை அடுத்த கிராமம் ஒன்றின் முதியோர் இல்லத்தில் செவிலியராகச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது என்றும், கோவையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையைத் தினமும் காலையில் இரண்டு சுற்று ஓடிவந்த உங்களுக்கு இங்கே ஓடுவதற்கு ஓர் இடமும் புலப்படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். சாலையில் பிளாட்பாரம் இல்லை, கார்கள் பறக்கின்றன, 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று எழுதிய கம்பம் ஒன்று யாருடையதோ ஒரு கோதுமை வயலுக்குள் கைகாட்டி நிற்கிறது, உள்ளே போனால் யாராவது தடுப்பார்களா, நம் நிறத்தைப் பார்த்துத் தடுப்பார்களா என்பது உங்கள் கேள்வி. தாராளமாகப் போகலாம். இதே சில்ட்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான், உங்களுக்கு வந்த அதே தயக்கத்தால் முதல் இரண்டு ஆண்டுகளை எங்கள் தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தைச் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி ஓடியே வீணடித்தேன். அதனால்தான் பதில் சற்று நீளமாக இருக்கப் போகிறது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் ஃபுட்பாத் என்றால் சாலையோரப் பிளாட்பாரம். இங்கே அதற்குப் பேவ்மென்ட் என்று பெயர். ஃபுட்பாத் என்பது வயலையும் காட்டையும், சில இடங்களில் ஒருவர் வீட்டுக் கொல்லையையும்கூட ஊடறுத்துச் செல்லும் ஒற்றையடிப் பாதை. நிலம் தனியாருடையது, அதன் மேல் கடந்து செல்லும் உரிமை ஊருக்கெல்லாம் பொதுவானது. அந்த உரிமை நீங்கள் எந்த நாட்டவர், எந்த விசாவில் வந்தவர் என்று பார்ப்பதில்லை. ஆகவே ஒரே வாயிலில் 'பிரைவேட்' என்ற பலகையையும் ஃபுட்பாத் அம்பையும் சேர்த்துப் பார்த்தால் குழம்ப வேண்டாம். பாதையை விட்டு விலகாதே என்பதுதான் அந்தப் பலகைக்குப் பொருள். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பாதைகள் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. ஒவ்வொரு கவுன்டி கவுன்சிலும் தன் எல்லைக்குட்பட்ட பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அந்த வரைபடத்தில் ஏறிய பாதையை நிலத்துக்காரர் தன் விருப்பப்படி அடைத்துவிட முடியாது.

மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு, குதிரையும் சைக்கிளும்கூட வரக்கூடிய பிரைடில்வே. இரண்டிலும் ஓடலாம். கம்பத்தில் ஓக் மரத்துக் கொட்டையின் சின்னம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை என்று அறியுங்கள். ஓவர்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை 87 மைல் செல்லும் ரிட்ஜ்வே அத்தகையது. அதை 1973இல் தேசியப் பாதையாகத் திறந்தார்கள், ஆனால் அந்தத் தடத்தின் பெரும்பகுதி வரலாற்றுக்கு முந்தைய காலத்திலிருந்தே மனிதர் நடந்த வழி. அது வாட்லிங்டனின் விளிம்பிலேயே போகிறது, உங்கள் இல்லத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்று நினைக்கிறேன்.

கைபேசியின் சாலை வரைபடத்தை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். இந்நாட்டின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 171ஆம் எண் வரைபடம் நம் பகுதிக்கு உரியது. தாளாகவும் கிடைக்கும், செயலியிலும் பார்க்கலாம். அதில் பச்சை நிறத்தில் குறுங்கோடுகளாகச் செல்வது ஃபுட்பாத், நெடுங்கோடுகளாகச் செல்வது பிரைடில்வே. கறுப்புக் கோடுகளாகத் தெரிவது தரையில் ஒரு தடம் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதில் போக உரிமை உண்டு என்று பொருளாகாது. இது தெரியாமல் ஒருமுறை கறுப்புக் கோட்டைப் பிடித்துப் போய், ஒரு பண்ணை வீட்டு அம்மையார் துணி உலர்த்திக்கொண்டிருந்த முற்றத்தில் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே வழி காட்டிவிட்டார் என்றாலும் எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வரப்பில் நடந்து பழகிய நமக்கு வயலின் ஓரமாகச் செல்லும் பாதை புதிதல்ல. வயலின் நடுவே குறுக்கே செல்லும் பாதைதான் மனத்தை உறுத்தும். விளைந்து நிற்கும் பயிரைப் பிளந்துகொண்டு ஓடுவது பாவம் போலவே எனக்கும் தோன்றியது. ஆனால் சட்டம் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. குறுக்குப் பாதையை உழவர் உழலாம். உழுத பதினான்கு நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதை மீண்டும் ஏற்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். ஓரப் பாதையை உழவே கூடாது. பெரும்பாலான உழவர்கள் பயிர் எழும்போதே அந்த ஒரு மீட்டரை வகிடு எடுத்தது போல விட்டுவிடுகிறார்கள். அக்டோபரில் புதிதாக உழுத வயலில் மட்டும் அந்த வகிடு இராது. எதிர்வேலியில் இருக்கும் கம்பத்தைக் குறிவைத்து நேராகப் போக வேண்டியதுதான். அப்போது இந்தச் சுண்ணாம்பு மண்ணின் குணம் தெரியும்: பத்தடி போவதற்குள் ஒவ்வொரு காலணியிலும் அப்பம் அப்பமாக ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவே விடாது, அந்த அப்பத்துக்குள் சிக்கிமுக்கிக் கல் துண்டுகள் கத்தி போல நீட்டிக்கொண்டிருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை, சாலையில் ஓடும் காலணியோடு இந்தச் சரிவுகளில் இறங்குவது சோப்புக் கட்டியின் மேல் இறங்குவது போன்றது. அடியில் ஆழமான பற்கள் உள்ள டிரெயில் ஷூ ஒன்று வாங்கிவிடுங்கள். உங்கள் முதல் மாதச் சம்பளத்தில் குளிருக்கான மேல்கோட்டுக்கு அடுத்த செலவு அதுவாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் அடிப்பாகம் பிய்ந்துவிடும்.

மாடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் மாட்டுக்கொட்டிலின் வாசத்திலேயே வளர்ந்தவன் நான், மாட்டைக் கண்டு எனக்கென்ன பயம் என்ற மிதப்பில் இருந்தேன். நம்மூர் மாடு மூக்கணாங்கயிற்றோடு மனிதன் கைக்குள் வளர்ந்தது; இங்குள்ளது அறுநூறு கிலோ எடையுடன் கூட்டமாக, கயிறு என்பதையே அறியாமல் திரிவது. ஒரு ஜூன் மாதக் காலையில், கன்றுகளோடு மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் ஒன்றின் நடுவே பாதை சென்றது என்பதற்காக நானும் ஓடியே சென்றேன். முதலில் ஒரு பசு தலையை உயர்த்தியது. அடுத்த நொடி தரை அதிர்வதைக் காலில் உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் பின்னால் வருகிறது. வயலின் முடிவில் இருந்தது கிஸ்ஸிங் கேட், அதாவது ஆள் நுழையலாம் மாடு நுழைய முடியாது என்று அரைவட்டக் கூண்டுக்குள் கதவு ஆடும் வாயில். அந்தக் கூண்டுக்குள் புகுந்து கதவை என் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றபோது, முன்னால் வந்த பசுவின் மூச்சுக்காற்று என் முழங்கையில் பட்டது. அன்று முதல், மாட்டைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடக்கிறேன். பசுவுக்கும் கன்றுக்கும் இடையே ஒருபோதும் போவதில்லை. கூட்டம் பாதையின் மேலேயே நின்றால் வேலியோரமாகச் சுற்றிப் போகிறேன். ஆபத்து என்றால் அப்படி விலகிப் போவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. என்றாவது நாயுடன் ஓட நேர்ந்து மாடு துரத்தினால் நாயின் வாரை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாயின் மேல்தான், அது தப்பித்துக்கொள்ளும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட வேண்டி வந்தால் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். கிராமத்தின் எல்லை தாண்டியதும் வரும் வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு, அந்த ஒடுங்கிய சாலையிலும் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்பதற்கான குறி. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அந்த மாதங்களில் இரவுப் பணி முடிந்து வரும் காலை நேரம் உங்களுக்கு உண்மையில் ஒரு வரம். கோடையில் பாதையோரத்தில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் நெட்டில் நம்மூர்ச் செந்தட்டி போலச் சுரீரென்று கடிக்கும். புல்லில் உண்ணி உண்டு. வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறத்தைப் பாருங்கள், உண்ணிக்கடியால் வரும் லைம் நோயைப் பற்றிச் செவிலியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயலில் திடீரென்று துப்பாக்கி வெடித்தது போலக் கேட்டால் கீழே குனிய வேண்டாம், அநேகமாக அது புறா விரட்டும் எரிவாயு வேட்டாக இருக்கும். அக்டோபர் தொடங்கி பிப்ரவரி முதல் நாள் வரை ஃபெசன்ட் என்னும் பறவையின் வேட்டைக் காலமும் உண்டு என்பதால், வரிசையாக ஆட்கள் நிற்பதைக் கண்டால் கையை உயர்த்திக் காட்டி, அவர்கள் தலையசைக்கும் வரை பொறுத்துப் போங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசிக்குச் சிக்னல் இராது. எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை இல்லத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவது நல்லது.

இனி நிறத்தைப் பற்றிய கேள்வி. எதுவுமே நடக்காது என்று சொன்னால் அது பொய். பதினாறு ஆண்டுகளில் ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்த காரின் ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தியதைக் கேட்டிருக்கிறேன். அதுவும் சாலையில்தான், வயலில் அல்ல. வயல்களில் எதிர்ப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாயோடு வரும் முதியவர்கள். 'மார்னிங்' என்று ஒரு சொல், அதற்கு நாமும் 'மார்னிங்' என்றால் கணக்கு நேராகிவிடும். சிலர் மட்டும் நிறுத்தி, 'ஆர் யூ லாஸ்ட்?' என்று கேட்பார்கள். அது உதவியா, இங்கே உனக்கென்ன வேலை என்பதா என்று முதல் சில ஆண்டுகள் குரலை எடைபோட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போதெல்லாம் எடைபோடுவதில்லை, எந்தக் கிராமத்திலிருந்து எந்தக் கிராமத்துக்குப் போகிறேன் என்பதைப் பெயரோடு சொல்லிவிடுகிறேன். ஸ்விங்கம் தேவாலயம் வரை போகிறேன் என்று ஒருவரிடம் சொன்னபோது, பிப்ரவரியில் வா, அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்க ஸ்னோடிராப் பூத்திருக்கும் என்றார். இன்னொரு முறை நான் உண்மையிலேயே வழி தவறித்தான் நின்றிருந்தேன்.

தனியாகத் தொடங்கக் கூச்சமாக இருந்தால், சனிக்கிழமை காலை 9 மணிக்கு நடக்கும் பார்க்ரன் ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். 2004இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேருடன் தொடங்கிய ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் அது, கட்டணம் கிடையாது. நம் பகுதியின் பாதைகளை அறிந்த நாலு பேர் அங்கே அறிமுகமாவார்கள்.

முதல் ஓட்டத்துக்கு மேட்டில் ஏற வேண்டாம். வாட்லிங்டன் கடைத்தெருவிலிருந்து ஹில் ரோடு வழியே போனால், குன்று எழத் தொடங்கும் இடத்தில் ரிட்ஜ்வே குறுக்கே வரும். அங்கே இடப்பக்கம் திரும்புங்கள். இருபுறமும் புதர்வேலி, மேலே வால் பிளந்த ரெட் கைட் பருந்துகள், கால்கீழே ஏறக்குறைய சமதளம். நாலு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக எம்40 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கத் தொடங்கும். பாதை அதன் அடியில் ஒரு சுரங்க வழியாகப் புகுந்து போகும். அதுவரை போய்விட்டுத் திரும்பி வாருங்கள். திரும்பும்போது வாட்லிங்டன் குன்று உங்களுக்கு இடப்பக்கமாகவே வர வேண்டும். வலப்பக்கம் வந்தால் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.