641 எப்படிக் கிடைத்தது?

அன்புள்ள ஐயா,

2இன் 32ஆம் அடுக்கோடு 1ஐக் கூட்டினால் வரும் 4294967297 பகா எண் அல்ல என்பதை 1732இல் கணித அறிஞர் ஆய்லர் கண்டறிந்தார் என்றும், 641 அதன் காரணி என்றும் எழுதியிருந்தீர்கள். 500க்கு உட்பட்ட 95 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். ஒன்றாலும் மீதியின்றி வகுபடவில்லை. ஆய்லரும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனாரா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இன்னும் 21 பகா எண்களைக் கடந்திருந்தால் நீங்களே 641ஐ எட்டியிருப்பீர்கள். ஆனால் அவ்வளவு வகுத்தல்கள் இங்கே தேவையே இல்லை. இதே அளவுள்ள வேறு ஏதோ ஒரு எண் என்றால், அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536க்கு உட்பட்ட 6542 பகா எண்களையும் சோதிக்க நேரலாம்; இந்த எண்ணோ தான் உருவான விதத்தாலேயே தன் காரணிகளைக் கட்டுப்படுத்துகிறது.

இதை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்றை 'ப' என்று கொள்வோம். 2இன் 32ஆம் அடுக்கு, ப-வால் வகுக்கும்போது −1க்குச் சமமாகிறது (அதாவது மீதி ப−1). அதன் வர்க்கமான 64ஆம் அடுக்கு 1ஐ மீதியாகத் தருகிறது. அதற்கு முந்தைய எந்த அடுக்கும் 1ஐத் தருவதில்லை. 2இன் (ப−1)ஆம் அடுக்கும் 1ஐயே மீதியாகத் தரும் என்பது கணித அறிஞர் ஃபெர்மாவின் சிறு தேற்றம். 1 என்ற மீதி 64 அடுக்குகளுக்கு ஒருமுறையே வருமாதலால், ப−1 என்பது 64ஆல் வகுபட்டே தீரவேண்டும். ஆய்லர் பின்னாளில் நிறுவிக் காட்டிய இந்த நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, நம் எண் உட்பட இவ்வரிசையில் அடுத்து வருபவை அனைத்தும் பகா எண்களே என்று 1640இல் நம்பியவரும் ஃபெர்மாதான். அந்த நம்பிக்கையைத் தகர்க்கும் தேற்றத்தையும் அதே ஆண்டில் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

641ஐக் கொண்டு வகுக்காமலேயே இதைச் சரிபார்க்கவும் முடியும். 641 = 5 × 128 + 1; ஆகவே 5 × 128 என்பது −1க்குச் சமானம் (641ஆல் வகுத்தால் இரண்டும் ஒரே மீதியைத் தரும்), அதன் நான்காம் அடுக்கு 1க்குச் சமானம். மேலும் 641 = 625 + 16 என்பதால், 5இன் நான்காம் அடுக்கான 625க்குப் பதிலாக −16ஐ இடலாம். 128இன் நான்காம் அடுக்கு 2இன் 28ஆம் அடுக்கு. அதை −16ஆல் பெருக்கினால் 2இன் 32ஆம் அடுக்கின் எதிர்மமே 1க்குச் சமானம் என்று வந்துவிடும்.

இதன் பகுதன்மைக்கு வேறொரு சான்றும் உண்டு. இந்த எண் 65536இன் வர்க்கத்தோடு 1இன் வர்க்கத்தைக் கூட்டியது. 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டலும் இதுவே. எந்தப் பகா எண்ணையும் இப்படி இரு வேறு வழிகளில் எழுத இயலாது.

மற்றொரு காரணி 6700417. அது பகா எண்தானா என்று அறிய, அதே நிபந்தனையை நிறைவுசெய்பவற்றில், முன்பே விலக்கப்பட்ட நான்கு நீங்கலாக 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அதன் வர்க்கமூலம் 2589ஐ எட்டுவதில்லை.