முன்னுரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

வணக்கம்.

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. உப்புநீரில் விதை முளைப்பது பற்றிய என் சோதனைகள் முடிந்துவிட்டன. ‘இனி கட்டுரையாக எழுது’ என்று கைடு சொல்லி மூன்று வாரம் ஆகிறது. முன்னுரையின் முதல் பத்தியையே தாண்ட முடியவில்லை. ‘முடிவுகள்’ பகுதியில் நான் எழுதுவது ‘விவாதம்’ மாதிரி இருக்கிறது என்றும் சொல்கிறார். ஒரு வாக்கியம் அனுப்புகிறேன்: “உப்பின் அளவு கூடியபோது விதை நீரை உறிஞ்ச முடியாததால் முளைப்பு வெகுவாகக் குறைந்தது.” இதில் என்ன பிழை?

எம்.

அன்புள்ள எம்,

கட்டுரையில் முதலில் வருவதையே முதலில் எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும். முன்னுரையை இப்போதைக்கு மூடி வையுங்கள். சோதனைக் குறிப்பேட்டைத் திறந்து ஆய்வுமுறையிலிருந்து தொடங்குங்கள். அங்கே யோசித்துக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை, செய்ததைச் சொன்னால் போதும்.

ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். ‘விதைகள் நன்கு கழுவப்பட்டன’ என்பது யாருக்கும் உதவாது. எந்தக் கரைசலில், எத்தனை நிமிடம்? ‘முளைத்தது’ என்று எதை எண்ணினீர்கள்? வேர்முனை தோலைக் கிழித்து எட்டிப் பார்த்ததுமேவா, 2 மில்லிமீட்டர் நீண்ட பிறகா? இது ஒன்று மாறினாலே உங்கள் எண்கள் எல்லாம் மாறிவிடும். தட்டுக்கு 25 விதை வீதம் 4 தட்டு வைத்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். மொத்தம் 100 விதை என்று மட்டும் சொன்னால், தனித்தனியாக 100 முறை சோதித்ததுபோல் ஆகிவிடும். ஒரே தட்டில் கிடக்கும் விதைகள் ஒரே நீரையும் ஒரே சூட்டையும் பகிர்ந்துகொள்பவை அல்லவா?

சரி, உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். அதில் இரண்டு பகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முளைப்பு குறைந்தது என்பது நீங்கள் கண்ணால் கண்டது. அது முடிவுகளில் வரட்டும், ‘வெகுவாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு எண்களோடு. ‘நீரை உறிஞ்ச முடியாததால்’ என்பது உங்கள் ஊகம். விதைக்குள் போன நீரை நீங்கள் அளந்தீர்களா? விதைக்குள் நீர் நுழைவதை உப்பு தடுத்திருக்கலாம், சோடியமும் குளோரைடும் விதைக்கு நஞ்சாகவும் ஆகியிருக்கலாம். முளைக்காத விதைகளை எடுத்து நல்ல நீரில் போட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும் முளைத்துவிட்டால் உங்கள் ஊகத்துக்குப் பலம் கூடும். செத்தே போயிருந்தால் நஞ்சின் பக்கம் யோசிக்க வேண்டியிருக்கும். இந்த வழக்காடல் முழுக்க விவாதத்துக்குரியது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், பட்டாணிச் செடிகளை வைத்துப் பண்புகள் தலைமுறைகளுக்குக் கடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த மெண்டல். 1866-இல் அச்சான பட்டாணிக் கட்டுரையில் அவர் ‘ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று’ என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 253 கலப்புச் செடிகளிலிருந்து 7324 விதைகள், அவற்றில் 5474 உருண்டையானவை, 1850 தோல் சுருங்கியவை என்று எண்ணிக்கையையே கொடுத்தார். விகிதம் 2.96-க்கு 1. அதனால்தான் 70 ஆண்டுகள் கழித்து, 1936-இல், ஃபிஷர் என்ற புள்ளியியலாளரால் அதே எண்களை எடுத்துச் சோதிக்க முடிந்தது. எதிர்பார்ப்போடு இவை அளவுக்கு மீறிப் பொருந்துகின்றனவே என்று அவர் கேட்டார். அதைப் பற்றிய வாதம் வெகுகாலம் நீண்டது. மெண்டல் வெறும் விகிதத்தை மட்டும் தந்திருந்தால் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது. உங்கள் விளக்கத்தை ஏற்காத ஒருவரும் உங்கள் அட்டவணையை வைத்து வேலை செய்ய முடிய வேண்டும். முடிவுகளை விவாதத்திலிருந்து பிரித்து வைப்பது அதற்காகத்தான். எனக்கு இது வெறும் வடிவ விதியாகத் தோன்றியதே இல்லை, படிப்பவருக்கு நாம் காட்டும் நேர்மை இது.

விவாதத்தின் முதல் பத்தியில் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுங்கள். அப்புறம் மற்றவர்களின் முடிவுகளோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று பாருங்கள். உங்கள் சோதனையால் சொல்ல முடியாததையும் நீங்களே எழுதுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு முன்னுரைக்குத் திரும்பினால், எந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கிறது என்பது உங்களுக்கே தெளிவாகியிருக்கும். அந்தக் கேள்வியை முன்னுரையின் கடைசி வாக்கியமாக முதலில் எழுதிவிட்டு, அதை நோக்கி மேலிருந்து மூன்று, நான்கு பத்திகளில் வந்து சேருங்கள். உலக வேளாண்மையின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டாம். கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கம் கடைசி நாள் வேலை.

முளைக்காத அந்த விதைகள் இன்னும் கைவசம் இருந்தால், எழுத உட்காருமுன் நல்ல நீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.