கேள்வி பதில்: "மேலே தொடர்க" என்று வந்தால் அழுத்தலாமா?

கே: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் நான்கு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறேன். முகப்பில் மாட்டிய கேமராவைக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒவ்வொரு தடவையும் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று சிவப்பாக வருகிறது. மாட்டிய பையன், "அது செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட் ஆச்சி, அட்வான்ஸ்டை அழுத்தி உள்ளே போங்க" என்றான். போன வாரம் மதுரையில் லாட்ஜ் வைஃபையில் பேங்க் பக்கத்தைத் திறந்தபோதும் அதே சிவப்பு. பழக்கதோஷத்தில் அழுத்தி, பாஸ்வேர்டும் போட்டுவிட்டேன். ஒன்றும் ஆகாதுதானே?
- வாசகி, கானாடுகாத்தான்

ப: கேமரா விஷயத்தில் பையன் சொன்னது சரி. பேங்க் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள் ஆச்சி. இதைப் படித்து முடிக்கும் முன், லாட்ஜ் வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கணக்கில் நீங்கள் செய்யாத வரவு செலவு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இப்போது விஷயம். உங்கள் நகரத்தார் கல்யாணத்தில் உங்கள் கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் புள்ளிக் கணக்கில், அதாவது கோயிலின் குடும்பக் கணக்கில் ஏறும், "நாங்கள் பிள்ளையார்பட்டிக் கோயில்" என்று வாயால் சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள் இல்லையா? ஒரு இணையதளமும் தான் இன்னார் என்று ஒரு சான்றிதழைக் காட்டும், அதில் பிரவுசருக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். செல்ஃப் சைன்டு என்றால் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கையெழுத்து. ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு வரி அடித்தால் போதும். நானே என் லேப்டாப்பில் ஒரு பெரிய வங்கியின் பெயரில், 10 வருடம் செல்லும்படி ஒன்று செய்து பார்த்தேன், அரை நிமிஷம் ஆகவில்லை.

லாட்ஜில் என்ன நடந்திருக்கலாம்? சில சமயம் அந்த வைஃபையின் லாகின் பக்கம் குறுக்கே வந்தாலே இப்படி எச்சரிக்கை காட்டும், அதில் வில்லங்கம் இல்லை. ஆனால் அதே வைஃபையில் ஒருவன் நடுவில் உட்கார்ந்து, உங்களுக்குத் தன் சான்றிதழை நீட்டிவிட்டு அந்தப் பக்கம் உண்மையான பேங்கோடு பேசிக்கொண்டிருந்தாலும் இதே சிவப்புதான் வரும். பூட்டிய பெட்டியில்தான் பாஸ்வேர்டு போகிறது, சாவி மட்டும் அவனிடம் இருக்கிறது.

திருடர்களுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கம்ப்யூட்டருக்குள் புகுந்த வைரஸ் தன் எஜமானனோடு பேசுவதை யாரும் படிக்காமலிருக்க இதே சான்றிதழைப் போட்டு மறைப்பார்கள். பாதுகாப்புச் சோதனைக்காகச் செய்யப்பட்டு, திருடர்களும் பயன்படுத்தும் கோபால்ட் ஸ்ட்ரைக் என்ற கருவியோடு வரும் சான்றிதழின் வரிசை எண் 146473198. அதை மாற்றக்கூடச் சோம்பல்பட்ட பலரை அந்த எண்ணைத் தேடியே ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இதைவிட மோசம் எச்சரிக்கையே வராத வகை. நகரத்தார் நீங்கள் ஒன்பது கோயில் வைத்திருப்பதுபோல பிரவுசரிடமும், தான் நம்பும் கையெழுத்து நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதிலுள்ள மூலச் சான்றிதழ்களே செல்ஃப் சைன்டுதான், கோயிலுக்கு மேலே யார் கையெழுத்துப் போடுவது! அதனால் கெட்டிக்காரன் அந்தப் பட்டியலிலேயே தன் பெயரைச் சொருகப் பார்ப்பான். லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இப்படிச் சொருகியிருந்தது 2015 பிப்ரவரியில் வெளியே வந்தது. அதில் எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சாவி, அதன் பாஸ்வேர்டையும் ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார். ஆகவே "இந்த சர்டிஃபிகேட்டை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று தெரியாத யார் சொன்னாலும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தாலும் அப்படித்தான், வேண்டாம். ஆண்ட்ராய்டு ஆப்பில் கையெழுத்து கட்டாயம், ஆனால் அது செல்ஃப் சைன்டாக இருந்தாலே போதும், செய்தவர் யார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கேமராவுக்கு வருவோம். வீட்டு வைஃபையிலேயே, அந்தக் கேமராவின் முகவரியைத் திறக்கும்போது மட்டும் சிவப்பைத் தாண்டிப் போகலாம். வெளியூரிலிருந்து திறக்கும்போதும் அதே எச்சரிக்கை வந்தால் அழுத்தாமல், அந்தப் பையனைக் கூப்பிட்டு வேறு வழி செய்யச் சொல்லுங்கள்.