காப்பீடு கேள்வி பதில்: அமைச்சர் வாயால் சொன்னால் போதுமா?

கேள்வி: எல்.ஐ.சி. பணத்தை இங்கே போடு, அங்கே போடு என்று அமைச்சர் உத்தரவிட முடியுமா? சேர்மன் மறுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உத்தரவிடலாம், ஆனால் எழுத்தில் தர வேண்டும். பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்துமூலம் சொல்வதை ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) பின்பற்ற வேண்டும் என்கிறது 1956 எல்.ஐ.சி. சட்டத்தின் 21ஆம் பிரிவு. எது கொள்கை விஷயம் என்று தகராறு வந்தால் அரசு சொல்வதே முடிவு. எழுதிக் கொடுத்துவிட்டால் சேர்மன் மறுப்பது சிரமம்தான். ஆனால் அந்தக் காகிதம் இல்லாதவரை "முடியாது" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

கழகம் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத 1957 ஜூனில் அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ரா கடன் நெருக்கடியில் இருந்தார். அவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குக் கழகம் வாங்கியது. முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கேட்கவில்லை. எழுத்தில் உத்தரவும் இல்லை. நிதித்துறைச் செயலர் எச்.எம். படேல் சொன்னார், சேர்மன் ஜி.ஆர். காமத் செய்தார்.

அந்த டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ஆளுங்கட்சி எம்.பி.யும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா விசாரித்தார். விசாரணையைக் கேட்க வந்த கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. அமைச்சரின் ஒப்புதலோடுதான் நடந்தது என்றார் படேல். நிதியமைச்சர், நம் சென்னைக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இல்லை என்றார். கீழே இருப்பவர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்று ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தார் சாக்லா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

நான் கிளை அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்தவன். கணவரை இழந்து வரும் பெண்மணியிடம்கூட இறப்புச் சான்றிதழ், அசல் பாலிசி பத்திரம், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து எல்லாம் வாங்கிய பிறகுதான் செக் போடுவோம். அவர்கள் கட்டிய பிரீமியம்தானே அந்த 1.24 கோடி? அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பாலிசிதாரர்களின் நன்மைக்கே அந்தப் பணம் என்றும், தலையிடுவதானால் அரசு எழுதிக் கொடுத்துத் தலையிடட்டும் என்றும் சாக்லா சொன்னார். சேர்மன் நாற்காலிக்கு வணிகமும் நிதியும் தெரிந்தவர் வேண்டும் என்றும் சொன்னார். நம் அலுவலகங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வரிகள் இவை.

கேள்வி: சம்பந்தப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முந்த்ரா சிறைக்குப் போனார். டி.டி.கே. 1962இல் மீண்டும் மத்திய அமைச்சரானார், மறு வருடமே நிதித்துறையும் அவரிடம் வந்தது. படேல் 1977இல் ஜனதா ஆட்சியின் நிதியமைச்சர். பெரோஸ் காந்தி 1960இலேயே காலமாகிவிட்டார்.

கேள்வி: 2022இல் எல்.ஐ.சி. பங்குகளை விற்றார்களே, அப்பாவின் பாலிசிக்கு ஆபத்தா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. விற்றது 3.5 சதவீதம். காப்பீட்டுத் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசின் உத்தரவாதம் 37ஆம் பிரிவில் இருக்கிறது. சரி, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள்.