பெட்டியில் சிவப்பு விளக்கு: ஃபைபர் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருமா?

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கிறேன். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் தெரு கேபிள்காரர் மூலமாக ஒரு தனியார் நிறுவனத்தின் 200 எம்பி ஃபைபர் இணைப்பு எடுத்தேன். 6 மாதத்துக்கு ஜிஎஸ்டியோடு 5,664 ரூபாய் முன்பணம். முதல் நாளிலிருந்தே செல்போனில் 40, 50 எம்பிக்கு மேல் வேகம் வந்ததில்லை. மூன்றாவது மாதம் கம்பத்தில் ஒயர் அறுந்து 12 நாள் இணைப்பே இல்லை. பெட்டியில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கேபிள்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். கம்பெனியோ, "200 வரை என்றுதான் சொன்னோம், பணம் திரும்பக் கிடையாது, வழக்கென்றால் மும்பையில்தான் போட முடியும்" என்கிறது. மீதி 3 மாதப் பணத்தையாவது வாங்க முடியுமா?

பதில்: வாங்க முடியும். ஆனால் நீங்கள் முதலில் சொன்ன குறையை இரண்டாவதாக வையுங்கள். உங்கள் வழக்கின் பலம் அந்த 12 நாளில்தான் இருக்கிறது, 40 எம்பியில் இல்லை.

ஃபைபர் இழையில் வருவது ஒளி. பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், அந்த ஒளி உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். உங்கள் செல்போன் பழசு, சுவர் தடிமன், வைஃபை சரியில்லை என்ற சாக்கெல்லாம் அங்கே எடுபடாது. அந்த விளக்கைப் படம் பிடித்திருந்தால் பத்திரமாக வையுங்கள். நல்ல சாட்சி அது. "மின்வாரியம் கம்பம் மாற்றியதில் அறுந்தது, நாங்கள் என்ன செய்வது?" என்று நிறுவனம் கேட்கக்கூடும். அறுந்தது அவர்கள் தவறாக இல்லாமல் இருக்கலாம். 12 நாள் அதை இணைக்காமல் விட்டது யார் தவறு? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகள் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கின்றன. கம்பிவழி இணைப்பில் பழுது நீக்க 3 நாளுக்கு மேல் ஆனால், வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவோ கூடுதல் நாட்களோ தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. உங்களுக்கு எதுவும் தரவில்லை என்றால் சேவைக் குறைபாட்டை நிரூபிக்க அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

வேகத்துக்கு வருவோம். செல்போன் சோதனையைக் காட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்வியில் உடைத்துவிடுவார். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், இடையே இரண்டு சுவர் இருந்தால், 40 எம்பி என்பது சாதாரணம். எனவே பெட்டியிலிருந்து லேன் ஒயரை நேராக லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, காலையிலும் இரவு ஒன்பது மணி வாக்கிலும் சில நாள் சோதித்துப் பாருங்கள். எப்போதும் 94, 95-இலேயே நின்றால் லேன் போர்ட்டோ ஒயரோ 100 எம்பிக்கு மேல் தாங்காதது என்று சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பெட்டியை 200 எம்பி திட்டத்துக்கு நிறுவனமே கொடுத்திருந்தால், அதுவும் கேட்க வேண்டிய விஷயம்தான். காலையில் 190 வந்து இரவில் 40-க்கு இறங்கினால், ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்ததன் நெரிசலாக இருக்கலாம். லேன் ஒயரிலும் நாள் முழுக்க 40 என்றால்தான் "வரை" என்ற சொல்லுக்குப் பின்னால் அவர்கள் ஒளிய முடியாது. நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வாதிடலாம். அதற்கு முன் உங்கள் திட்டத்தின் டேட்டா வரம்பையும் பார்த்துவிடுங்கள். வரம்பு தாண்டினால் வேகம் குறையும் என்று முன்பே சொல்லியிருந்தால் அந்தக் குறையைப் பேச வேண்டாம்.

மும்பை மிரட்டலை மறந்துவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். தகராறை நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் எடுக்காது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சிலர் இன்னும் காட்டுவார்கள். 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம் எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஒரு வாதம் வரும். நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், வாங்கியது வீட்டு இணைப்பு. அந்த வாதம் நிற்காது.

உடனே செய்ய வேண்டியது புகார் எண்ணைத் தேடி எடுப்பது. கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்பில் "அண்ணே, நெட் வரல" என்று அனுப்பியதும் சாட்சிதான், ஆனால் நிறுவனத்தின் புகார் மையம் தந்த எண் அளவுக்கு வராது. அந்தப் புகாருக்குச் சரியான பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அப்படி எழுத உங்களுக்கு 30 நாள் கெடு உண்டு, கட்டணம் இல்லை. டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். அப்புறம் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு.

இதிலும் நகரவில்லையா, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வழக்குக்குப் போங்கள். கேபிள்காரர், நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். முகவர் வாங்கிய பணத்துக்கு நிறுவனம் பொறுப்பு. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவது ஆணையத்தில் அவர்களுக்கே வினையாகும். 5 லட்சம் வரையிலான சேவைக்கு ஆணையக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

எவ்வளவு கேட்பது? 12 நாளுக்கான கணக்கு வெறும் 378 ரூபாய்தான் வரும், மீதி 3 மாதத்துக்கு 2,832. இவற்றோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை கேளுங்கள். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று கேட்பவர்களை ஆணையம் அத்தனை மதிப்பதில்லை. அந்த 12 நாளில் சம்பளம் பிடித்தார்கள் என்றால் சம்பளச் சீட்டையும், செல்போன் டேட்டா போட்டிருந்தால் அந்த ரீசார்ஜ் ரசீதையும் இணையுங்கள். கையில் காகிதம் இல்லாத நஷ்டத்தை எழுத வேண்டாம்.

இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும்போது மின்னஞ்சலில் சொல்லுங்கள், தேதி அதில் நிற்கும். பெட்டியை எடுக்க ஆள் வந்தால், பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாமல் கொடுத்துவிட்டால், பெட்டி திரும்ப வரவில்லை என்று சொல்லி உங்களிடமே பணம் கேட்பார்கள்.